ஆடு, மாடு, கோழி: ஏழை வீட்டுக்குப் பணம் எந்த நாளில் வருகிறது?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு, மழைக்காப்பு கட்டாத தோட்டமாக இருந்தால், மழை பெய்த அன்று வேலை கிடையாது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் நாட்களிலும் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மேற்கே குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. கிழக்கே சின்னமுட்டத்தில் அதே தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடியும். நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் தேடுவார்கள், இடைப்பட்ட நாட்களில் கூப்பிட மாட்டார்கள். குமரி மாவட்டத்தில் கூலியை நம்பி ஓடும் எந்த வீட்டை எடுத்தாலும் பணம் வரும் நாள் ஒன்று, பணம் வேண்டிய நாள் வேறொன்று. பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் மழைக்காலத்தில்தான் வருகிறது.

அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் ஆடும் மாடும் கோழியும் நிற்கின்றன. வளரும் நாடுகளில் கால்நடை ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் பால், முட்டை, இறைச்சி, எரு, உழவு என்று பட்டியல் போடலாம். பட்டியலில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் படித்தவருக்கு, கையில் காசில்லாத ஒருத்தி ஏன் நாலு ஆட்டை வளர்த்து அல்லாட வேண்டும் என்பது விளங்காது. எவ்வளவு பணம் வருகிறது என்பதோடு, எந்த நாளில் வருகிறது, யார் கைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். இந்தக் கட்டுரை அந்த வழியில் போகிறது.

முதலில் அளவு தெரியட்டும். உலகில் சுமார் 130 கோடிப் பேரின் பிழைப்பு ஏதோ ஒரு வகையில் கால்நடையோடு பிணைந்திருக்கிறது என்பது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு சொல்லும் கணக்கு. இந்தியாவில் 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாடுகள் 19 கோடிக்கு மேல், வெள்ளாடுகள் ஏறத்தாழ 15 கோடி, எருமைகள் ஏறத்தாழ 11 கோடி, கோழி வகைகள் 85 கோடி. பண்ணைக் கோழிகளைத் தவிர்த்தால் இவற்றில் பெரும்பகுதி ஒன்றும் இரண்டுமாகச் சிறு குடும்பங்களின் வீட்டு முற்றத்தில் நிற்பவை. 2018-19-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் ஓர் உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, கால்நடை 1,582. விவசாயி என்று நாம் அழைப்பவர் பயிரைவிடக் கூலியில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்பதே யோசிக்க வேண்டிய செய்தி. கால்நடையின் பங்கு மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது. நிலம் குறையக் குறைய அந்தப் பங்கின் அருமை கூடும். குமரியில் நிலம் எவ்வளவு குறைவு என்று சொல்லத் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மேய்ச்சல் நிலம் என்று சொல்லிக்கொள்ள இங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது.

நான்கு விதமான பணம்

கோழியிலிருந்து தொடங்கலாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50, 60 முட்டைதான் இடும். பண்ணைக்கோழி 300 இடுகிறது. அந்தக் கணக்கில் நாட்டுக்கோழி தோற்றுப்போகும். ஆனால் நாட்டுக்கோழிக்குத் தீவனம் யாரும் வாங்குவதில்லை. குப்பையைக் கிளறும், சிந்தின அரிசியைப் பொறுக்கும், கறையானைத் தின்னும். அதன் முட்டை ஒரு வாரத்துச் செலவுக்கான பணம். மளிகைக் கடையில் சீப்பு, சோப்பு, உப்பு, பிள்ளையின் நோட்டு. வீட்டில் யாரையும் கேட்காமல் அம்மாக்கள் கையாளும் காசு பல வீடுகளில் இது ஒன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்தது பால். கறவை மாடு காலையும் மாலையும் கொடுக்கிறது. சொசைட்டியில் ஊற்றினால் கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் பட்டுவாடா செய்வார்கள். ஏழை வீட்டில் சம்பளம் மாதிரி ஒழுங்காக வருவது இது ஒன்றுதான். டீக்கடைக்கும் பக்கத்து வீடுகளுக்கும் நேரடியாக ஊற்றினால் லிட்டருக்குக் கூடுதல் கிடைக்கும். ஆனால் பால் மிஞ்சின நாளில் டீக்கடைக்காரர் வாங்க மாட்டார், சொசைட்டி வாங்கும். ஆகவே பலர் இரண்டிலும் கால் வைத்திருக்கிறார்கள். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் அதற்கு மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. வெளியில் இருப்பவருக்கு 3 ரூபாய் சின்னத் தொகை. ஒரு நாளைக்கு 8 லிட்டர் ஊற்றுகிறவளுக்கு மாதம் 720 ரூபாய், அதாவது புண்ணாக்குக் கடனில் ஒரு பகுதி.

மாடு சும்மா பால் கொடுத்துக்கொண்டே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சினை ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். ஈன்ற பிறகு பால், பிறகு வற்றும் காலம். சினைப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் ஒரு நாள் கூட முழுசாக நிற்காது. அந்த நேரத்தைக் கவனிக்காமல் விட்டால் சினை ஊசி போட இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் தீவனச் செலவு ஓடிக்கொண்டிருக்கும். மாட்டில் நட்டம் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல் வருவதுதான்.

மூன்றாவது ஆடு. என்னைக் கேட்டால், ஏழை வீட்டின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஆட்டைவிட நல்ல வழி கிடையாது. மலையோரத்து வீட்டுப் பின்புறத்தில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கூடு நிற்கும். அடியில் மரச் சட்டங்களை விரலிடை விட்டு அடித்திருப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், மழைக்காலத்தில் ஆட்டின் குளம்பு நனையாது. குளம்பு அழுகல் நோய் வராமல் இருக்க இந்த ஊர் மழை கற்றுக்கொடுத்த ஏற்பாடு அது. உள்ளே ஒரு பலாக்குழையை, அதாவது தழைக் கொத்தை, கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆடு கழுத்தைத் தூக்கித் தின்னும், தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். கீழே விழும் புழுக்கையை வாரி வாழைக்கும் மிளகுக்கும் போடலாம், சாக்கில் கட்டி விற்கவும் செய்யலாம்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து, ஒரு ஈத்துக்குப் பெரும்பாலும் இரண்டு குட்டி. பெட்டையை நிறுத்திக்கொள்வார்கள், கிடாவை வளர்த்து விற்பார்கள். எப்போது விற்பது என்பதில்தான் சூட்சுமம். பக்ரீத், கிறிஸ்துமஸ், கோயில் கொடை என்று விலை ஏறும் நாட்கள் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு கிடா கையில் நின்றால் மதி (போதும்) என்பதுதான் எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. அப்போது விலை கொஞ்சம் குறைந்தாலும் கொடுத்துவிடுவார்கள். வட்டிக்கு வாங்குவதைவிட அது லாபம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான்காவது கிடாரிக் கன்று. அதை வளர்த்துச் சினையாக்கி விற்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். மகள் கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது, கிணறு வெட்டுவது போன்ற பெரிய செலவுக்கானது அது. இப்படி முட்டை வாரத்துக்கு, பால் மாதத்துக்கு, ஆடு அரையாண்டுக்கு, கன்று ஆண்டுகளுக்கு. எல்லா வீட்டிலும் நான்கும் இருக்காது. ஆனால் ஒரு வீட்டில் எது நிற்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டுக்கு எந்தக் காலத்துப் பணம் இல்லாமல் போகிறது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

லாபமில்லாத மாட்டை ஏன் வளர்க்கிறார்கள்?

2013-ல் வெளியான ஓர் ஆய்வு பொருளாதாரம் படிப்பவர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. உத்தரப்பிரதேச கிராமங்களில் மாடும் எருமையும் வளர்க்கும் வீடுகளின் வரவு செலவைக் கணக்கெடுத்தார்கள். புல்லறுக்கவும் தொழுவம் கூட்டவும் வீட்டார் செலவிடும் நேரத்துக்குச் சந்தைக் கூலி போட்டுப் பார்த்தபோது மாடு வளர்ப்பு சராசரியாகப் பெரும் நட்டம் என்று வந்தது. எருமையிலும் நட்டமே. பிறகு ஏன் கோடிக்கணக்கானவர்கள் விடாமல் வளர்க்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி தெரிந்த மாதிரி. முதலாவது, அந்த நேரத்துக்கு வெளியில் உண்மையிலேயே கூலி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கும் ஒரு மணி நேரத்துக்கும், மத்தியானம் பிள்ளை தூங்கும்போது குழை ஒடித்துவரும் அரை மணி நேரத்துக்கும் கூலி கொடுக்க எந்தத் தோட்ட முதலாளியும் காத்திருக்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்டால் முழு நாளைக்குத்தான் கூப்பிடுவார்கள். வீட்டைவிட்டு முழு நாள் போக முடியாதவளின் துண்டு துண்டு நேரத்தைப் பணமாக்கத் தெரிந்தது மாடும் ஆடும்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கையில் ரொக்கமாக இருக்கும் காசு தங்குவதில்லை. கொழுந்தன் வந்து கடன் கேட்பார், வீட்டுக்காரர் செலவழித்துவிடுவார், பண்டிகை வரும், நமக்கே மனசு கேட்காது. ஆடாக இருக்கும் காசை இப்படி அரித்துத் தின்ன முடியாது. 200 ரூபாய் கேட்டு வந்தவருக்காக ஆட்டின் ஒரு காலை மட்டும் விற்க முடியுமா? முழு ஆட்டையும் விற்கும் அளவுக்குப் பெரிய தேவை வரும்வரை அது கூட்டில் நிற்கும், நிற்கும்போது வளரவும் செய்யும். உண்டியல் என்று சொன்னால் ஒரு வகையில் சரி, ஆனால் உண்டியல் குட்டி போடாது. வங்கிக் கணக்கு இன்று எல்லார் பெயரிலும் இருக்கிறது. இருந்தும் ஆடு நின்றுகொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே மாட்டில் நட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் கணக்கில் தவறவில்லை. அவர்கள் அளந்தது தொழிலின் லாபத்தை. வீட்டில் நடப்பது சேமிப்பு, காப்பு, கையிருப்பு எல்லாம் கலந்த ஒன்று.

மூன்றாவது, தீவனம் எங்கிருந்து வருகிறது என்பது. உலகெங்கும் கால்நடைகள் தின்னும் தீவனத்தில் 86 விழுக்காடு மனிதர் சாப்பிட முடியாதது என்று உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். புல், வைக்கோல், புண்ணாக்கு, தவிடு. நாம் தின்ன முடியாததைத் தின்று நாம் தின்னக்கூடியதைத் தரும் வேலையை மாடு செய்கிறது. இங்கே கும்பப்பூ அறுத்தால் வைக்கோல், செக்கிலிருந்து தேங்காய்ப் புண்ணாக்கு, வாழை வெட்டினால் தண்டு, அடுக்களையிலிருந்து கஞ்சித் தண்ணி, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) உரித்தால் தோல்.

மரச்சீனி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மரச்சீனியின் பச்சை இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. கிழங்கு பிடுங்கின வயலில் கட்டவிழ்ந்த ஆடோ மாடோ புகுந்து வயிறு நிறையத் தின்றுவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கும், நுரை தள்ளும், தள்ளாடி விழும், உடனே பார்க்காவிட்டால் செத்துவிடும். கால்நடை மருத்துவர் சீக்கிரம் வந்து நரம்பில் மாற்று மருந்து ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். இலையையும் தோலையும் நன்றாக வெயிலில் காயவைத்தால் நஞ்சின் அளவு பெரிதும் குறையும். காய்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, வேறு தீவனத்தோடு கலந்து கொடுப்பதுதான் வழக்கம். இந்தச் சின்ன அறிவு இல்லாததால் ஒரு வீட்டின் மூன்று ஆண்டுச் சேமிப்பு ஒரு சாயங்காலத்தில் போகலாம்.

மாடு இல்லாதவர் மாடு வளர்ப்பது

ஆடு வாங்கப் பணம் இல்லாதவருக்கும் ஒரு வழி நம் கிராமங்களில் வெகுகாலமாக இருக்கிறது. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்ப்பது. காசுள்ளவர் பெட்டையாட்டை வாங்கிக் கொடுப்பார், இவர் வளர்ப்பார், பிறக்கும் குட்டிகளை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நாலைந்து ஈத்துக்குள் வளர்ப்பவருக்குச் சொந்தமாக ஆடு ஆகிவிடும். வங்கி அடமானம் கேட்கும் இடத்தில் ஊர் நம்பிக்கை கேட்டது. இதில் சுரண்டலும் உண்டு. தாயாடு செத்தால் யார் பொறுப்பு என்பதில் சண்டை வரும், பெரும்பாலும் எளியவர்தான் இறங்கிப் போவார். ஆனாலும் முதல் இல்லாதவருக்கு முதல் கொடுத்த ஏற்பாடு என்ற வகையில் அதை மதிக்கிறேன்.

அரசும் தொண்டு நிறுவனங்களும் பின்னாளில் செய்ததும் ஏறத்தாழ இதுதான். வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 2002-ல் மிக ஏழையான குடும்பங்களுக்கு ஆடோ மாடோ கொடுக்கத் தொடங்கியது. வெறுமனே விலங்கைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வளர்க்கும் பயிற்சி, ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், வாராவாரம் வீட்டுக்கே வந்து பார்ப்பது, சேமிப்புப் பழக்கம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மாதிரியை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் பெரும்பாலான நாடுகளில் குடும்பங்கள் முன்பைவிட நன்றாக இருந்தன. கைகொடுக்காமல் போனது ஹோண்டுராஸில். அங்கே பல குடும்பங்களுக்குக் கோழி கொடுத்தார்கள், நோய் வந்து கோழிகள் செத்துப்போயின.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா கறவை மாடு, ஆடு திட்டம் தொடங்கியது. ஆடு திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடு, பெண்கள் பெயரில். நல்ல எண்ணம். ஆனால் குமரி போன்ற இடத்தில் கொடுக்கும் ஆடு இந்த ஈரத்தைத் தாங்கும் ஆடா, அந்த வீட்டுக்குக் குழை ஒடிக்க இரண்டு மரமாவது இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பலன். வறண்ட சீமையில் மேய்ந்து பழகின ஆட்டை மலையடிவார மழையில் கட்டினால் சளி பிடித்தே சாகும்.

மார்த்தாண்டத்தில் நூறு ஆண்டுக்கு முன்

இந்த விஷயத்தில் குமரிக்கு ஒரு முன்வரலாறு உண்டு, நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத வரலாறு. 1920-களில், இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராமச் சீரமைப்பு மையத்தைத் தொடங்கியது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். நிலம் இல்லாதவனும் செய்யக்கூடிய, வீட்டு முற்றத்தில் அடங்கக்கூடிய தொழில்களையே அவர்கள் தேடினார்கள். நல்ல இனக் கோழி, முட்டை, தேனீ. ஒருவரின் அஞ்சு முட்டைக்குச் சந்தையில் மதிப்பில்லை, ஊர் முட்டையெல்லாம் ஒன்றாய்ச் சேர்த்துத் தரம் பிரித்துக் கொண்டுபோனால் வியாபாரி மரியாதையாகப் பேசுவான் என்பதை உணர்ந்து கூட்டாக விற்கப் பழக்கினார்கள்.

அந்த மையம் ஊன்றின தேனீ வளர்ப்பு வேர் பிடித்தது. இன்று தமிழ்நாட்டில் தேன் என்றால் குமரி மாவட்டம்தான். ரப்பர் மரத்தின் இளம் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீ குடித்துத் தேனாக்குகிறது. ரப்பர் வெட்டு நிற்கும் அதே தளிர்க் காலத்தில் தேன் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கூலி நிற்கும் இடத்தில் தேன் கைகொடுக்கிறது. தேனீயைக் கால்நடை என்று சொல்லலாமா என்று கேட்கலாம். வேலையைப் பார்த்தால் அது செய்வது ஆடு செய்வதைத்தான். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்களைத் தாக்கி, கூடு கூடாக அழித்தது. பெட்டியை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே பருவத்தில் வெறுங்கையாக நின்றன.

சேமிப்புக்குக் காய்ச்சல் வந்தால்

ஹோண்டுராஸ் கோழியும் மார்த்தாண்டத்துத் தேனீயும் ஒன்றையே காட்டுகின்றன. உயிருள்ள சேமிப்புக்கு நோய் வரும். தங்க வளையலுக்குக் கோமாரி வராது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும். கால்நடை வளர்ப்பில் ஏழையைக் கவிழ்ப்பது விலை வீழ்ச்சியைவிட நோய்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூட்டில் இருக்கும் நாட்டுக்கோழி ஒன்றுவிடாமல் போகும். அதற்குத் தடுப்பு மருந்து கோழி ஒன்றுக்குச் சில்லறைக் காசுதான். கால்நடைத் துறை முகாம் போட்டும் கொடுக்கிறது. கோமாரி மாட்டைப் பெரும்பாலும் கொல்லாது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, தீனி எடுக்காமல், பால் வற்றி, பிறகு பழைய கறவைக்குத் திரும்பாமல் போகும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று மாட்டை ஒளித்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு நாள் பாலைப் பார்த்து ஓர் ஈத்துப் பாலைப் பணயம் வைக்கிறோம் என்பதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 2022-ல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்ததை நாடே பார்த்தது.

நோயை வெல்ல முடியாது என்பதும் இல்லை. நூற்றாண்டுகளாக மாட்டுக் கூட்டங்களை அழித்து, ஆப்பிரிக்காவில் பஞ்சத்தையே உண்டாக்கிய வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்குப் பெரியம்மை எப்படியோ அப்படி. இரண்டே நோய்களைத்தான் மனித இனம் இப்படி ஒழித்திருக்கிறது, அதில் ஒன்று மாட்டு நோய். அடுத்ததாக ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. அது நடந்தால் ஆட்டை நம்பியிருக்கும் எத்தனையோ கோடிக் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

நம் வீட்டுக்கு நோய் வராமலும் நட்டம் வரலாம். ஆலப்புழையில் வாத்துக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் மறுநாளே கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பார்கள். 2014-லும் 2021-லும் அப்படித்தான். இங்கே கோழிக்கு ஒன்றுமில்லை, ஆனால் வாங்க ஆள் இருக்காது.

பால் குடிப்பதும் பால் விற்பதும்

வீட்டில் பசு இருந்தால் பிள்ளைகள் பால் குடிப்பார்கள் என்று எண்ணிவிட முடியாது. கடன் இருக்கும் வீட்டில் கடைசிச் சொட்டும் சொசைட்டிக்குப் போகும். அதைக் குறை சொல்ல மாட்டேன், பாலை விற்று அரிசி வாங்கினால் எல்லார் வயிறும் நிறையும். ஆனால் வளரும் பிள்ளைக்குக் கொஞ்சம் பால், முட்டை, கறி தரும் பலனை வேறு எதுவும் எளிதில் ஈடுகட்டாது. கென்யாவின் எம்பு பகுதியில் 1990-களின் இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சிற்றுணவில் கொஞ்சம் இறைச்சி சேர்த்துப் பார்த்தபோது அவர்களின் அறிவுத்திறனும் விளையாட்டுச் சுறுசுறுப்பும் மற்றவர்களைவிடக் கூடியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் சத்துணவில் முட்டை வந்ததை நான் அந்த வகையில்தான் பார்க்கிறேன்.

யார் கையில் பணம் வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. சாணம் வாருவது, குழை ஒடிப்பது, தண்ணி காட்டுவது, கறப்பது எல்லாம் பெண். மாட்டை விற்கும் நாளில் தரகரோடு துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவது ஆண். சொசைட்டி உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள், அந்த வீட்டில் பால் காசு எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

எல்லா ஊரும் குமரி இல்லை. மங்கோலியாவில் நூற்றுக்கணக்கான ஆடுகளோடு அலையும் மேய்ப்பருக்குக் கடுங்குளிர்தான் எதிரி. 2009-10 குளிர்காலத்தில் அங்கே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. கென்யாவின் வறண்ட வடக்கில் 2010 முதல், செயற்கைக்கோள் படத்தில் புல்லின் பச்சை குறைந்தால் மேய்ப்பருக்குப் பணம் கொடுக்கும் காப்பீடு நடக்கிறது. மாடு செத்ததை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்பது அதன் வசதி.

மாடுகள் விடும் மீத்தேனால் புவி சூடாகிறது என்ற குற்றச்சாட்டும் உண்மையே. மனிதச் செயல்களால் வரும் வெப்பவாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையிலிருந்து என்று 2013-ல் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு மதிப்பிட்டது. ஆனால் ஒரு மாடு வைத்திருக்கும் கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பெண்ணையும் பல்லாயிரம் மாட்டுப் பண்ணையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அவள் மாடு நோயில்லாமல் நன்றாகக் கறந்தால் லிட்டருக்கான மீத்தேனும் குறையும். சாணத்தை எரிவாயுக் கலத்தில் விட்டால் அடுப்பும் எரியும், வாழைக்குக் குழம்பு எருவும் கிடைக்கும். 2 கன மீட்டர் கலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும் என்பதால் ஒற்றை மாட்டு வீட்டுக்கு அது ஒத்துவராது, நாலைந்து மாடு நிற்கும் வீட்டுக்கு ஒத்துவரும்.

புதிதாகத் தொடங்க நினைக்கிற வீட்டுக்கு

கடன் வாங்கி ஜெர்சி கலப்பு மாடு பிடிப்பதில் தொடங்க வேண்டாம். இரண்டு பெட்டையாடு, அல்லது ஒரு சேவலும் ஐந்தாறு கோழியும் போதும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிப் பார்த்தபின் பெரிதாக்கலாம். தீவனத்தில் எவ்வளவு காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலிருந்தே கிடைக்கும் என்பதை முதலில் எண்ணுங்கள், அதற்குத் தக்கபடி ஆட்டின் எண்ணிக்கை. பலாமரம் இல்லாத வீட்டுக்கு ஆறு ஆடு பாரம். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை இப்போது கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. தீவனச் செலவுக்குக் கந்துவட்டிக்குப் போகும் முன் அதை விசாரியுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

காப்பீடு எடுப்பதில்தான் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறோம். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, தேசியக் கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 விழுக்காடு மட்டுமே, மீதியை அரசுகள் ஏற்கின்றன. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை இருக்க வேண்டும், பத்திரத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லை அறுந்து விழுந்தால் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாற்றிப் போட்டு, புது எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். மாடு செத்துப்போனால் அழுகையோடு உடனே குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லி, பரிசோதனைச் சான்று வாங்கி, காது வில்லையோடு ஒரு படமும் எடுத்து வைத்த பிறகு புதையுங்கள்.